ஈரநிலத்தின் ஓவியர்

பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம்மைப் பார்த்து அண்டை வீட்டார் எப்போதேனும் ஒரு நாள், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்பதுண்டு. நாம் ஓர் ஊரின் பெயரைச் சொல்வோம். அந்தப் பெயர் அவர்களுக்கு விளங்காது. அருகிலுள்ள பெரிய நகரத்தின் பெயரைக் கூறி, அங்கிருந்து இத்தனை மணி நேரப் பயணம் என்று விளக்குவோம். அவ்வாறு விளக்கிக்கொண்டிருக்கும்போது நம் மனத்தில் எழுவது ஊரின் பெயரன்று. ஒரு குளக்கரை, ஒரு வரப்பு, முதல் மழைக்குப் பின் வயலிலிருந்து வரும் மண்வாசனை ஆகியவையே. ஆயினும் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. விடுமுறை வந்தால் ரெயிலேறிச் சென்று அந்தக் குளக்கரையில் நிற்கலாம்.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட ஓவியருக்கு அந்த ஆறுதல் ஏறத்தாழ 14 வயதிலேயே இல்லாமற் போயிற்று. அவர் பெயர் கணேஷ் ஹாலோய். பிறந்தது 1936-ம் ஆண்டில், அந்நாளைய மைமன்சிங் மாவட்டத்து ஜமால்பூரில். இன்று அவ்வூர் வங்காளதேசத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையும் சதுப்பும் நீர் தேங்கிய வயலும் அவருடைய ஓவியங்களின் பொருள். ஏன், அவருடைய ஓவியங்களின் மொழியே அவைதாம் எனலாம். ஆகவே ஓவியரை அறிவதற்கு முன்னால் அந்த நிலத்தை நாம் சற்றே அறிந்துகொள்வது நலம்.

ஜமால்பூர் பிரம்மபுத்திராவின் கரையில் இருக்கிறது. ஆனால் அது பழைய பிரம்மபுத்திரா. 1764-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் வங்கத்து ஆறுகளை அளந்து படம் வரைந்த ஜேம்ஸ் ரென்னல், பேராற்றின் முழு வெள்ளமும் மைமன்சிங் வழியாகவே தென்கிழக்கே செல்வதைக் காட்டியிருக்கிறார். 1787-ல் வட வங்கத்தில் தீஸ்தா ஆறு பெருவெள்ளம் கொண்டு தன் பழைய போக்கை விட்டுப் பிரம்மபுத்திராவில் வந்து கலந்தது. அதன் பின் சில பத்தாண்டுகளுக்குள் பேராறு மேற்கே திரும்பி, இன்று யமுனை என்று வழங்கும் புதிய படுகையில் இறங்கிவிட்டது. (வட இந்திய யமுனை வேறு, இது வேறு.) மைமன்சிங்கையும் ஜமால்பூரையும் ஒட்டி எஞ்சியது, தன் வெள்ளத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்ட ஒரு பழைய வாய்க்கால். ஆறே ஊரை விட்டுப் போன ஊர் அது.

ஆறு போனாலும் நீர் போகவில்லை. கீழை வங்கத்து மக்கள் நீர்நிலைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களே ஓர் அகராதிக்குப் போதும். ஆண்டு முழுதும் நீர் தங்கும் பள்ளம் 'பில்'. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் இவ்வாண்டு தோன்றி, அடுத்த வெள்ளத்தில் மறையவும் கூடிய திட்டு 'சர்'. மைமன்சிங்கின் கிழக்குப் பகுதியிலும் சில்ஹெட்டிலும் தட்டுப்போல் குழிந்து கிடக்கும் பெருஞ் சதுப்பு 'ஹாவோர்'. மழைக்காலம் வந்தால் இந்த ஹாவோர்கள் உள்நாட்டுக் கடல்களாகிவிடும். ஆறு மாதம் அலையடிக்கும். மண்ணை வெட்டி மேடாக்கி அதன்மேல் எழுப்பிய சிற்றூர்கள் தீவுகள்போல் மிதக்கும். அந்த மண்ணை வெட்டிய இடம் குளமாகும். அடுத்த வீட்டுக்குப் போகவும் படகு வேண்டும். நீர் வடிந்ததும் அதே இடம் பச்சை வயலாகிவிடும். சென்ற மாதம் வலை வீசிய இடத்தில் இம்மாதம் நாற்று நடுவார்கள். ஆழ்நீரில் விளையும் ஒருவகை நெல்லும் அந்நாட்டில் உண்டு. வெள்ளம் ஏற ஏற அதன் தாளும் உடன் நீண்டு, கதிரை நீருக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும். நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கோடு கிழித்துக் காட்ட இயலாது.

அத்தகைய நிலத்தின்மேல்தான் 1947-ல் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. சர் சிரில் ராட்கிளிப் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்தவரல்லர். ஜூலை 8-ம் தேதி வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்கத்தையும் பிரித்துக் கோடுகளை வரைந்து கொடுத்தார். விடுதலை நாளுக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17-ம் தேதிதான் அக்கோடுகள் வெளியாயின. ஆற்றின் நடுவே ஓடிய எல்லை, ஆறு இடம் மாறினால் தானும் மாறுமோ என்ற வழக்குகள் பின்னர் பல காலம் நடந்தன.

பஞ்சாபில் மக்கள் ஒரே அலையாக இடம்பெயர்ந்தனர். வங்கத்தில் அவ்வாறன்று, அலை அலையாகப் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தனர். 1950-ன் தொடக்கத்தில் கலவரங்கள் மூண்டபோது எழுந்த அலை பெரியது. அவ்வாண்டு ஏப்ரல் 8-ம் தேதி நேருவும் லியாகத் அலிகானும் உடன்படிக்கை செய்துகொண்டும் அது உடனே அடங்கிவிடவில்லை. கல்கத்தாவின் சியால்தா நிலையத்து நடைமேடைகள் குடும்பம் நடத்தும் இடங்களாயின. அந்த ஆண்டில்தான் ஹாலோய் கல்கத்தா வந்தடைந்தார். இரண்டாண்டு கழித்து, 1952 அக்டோபரில், இரு நாடுகளுக்கும் இடையே பயணம் செய்யக் கடவுச்சீட்டு வேண்டும் என்ற விதி வந்தது. பிறந்த ஊர் அயல்நாடு என்பது அன்று சட்டத்தின் சொல்லாகவும் ஆகிவிட்டது.

கல்கத்தாவின் அரசினர் கலைக் கல்லூரியில் அவர் பயின்று 1956-ல் தேர்ச்சி பெற்றார். 1854-ல் தோன்றிய பழம்பெரும் நிறுவனம் அது. சென்னைக் கலைப்பள்ளியில் பணியாற்றிய ஈ. பி. ஹாவெல் 1896-ல் அதன் தலைவராக வந்து, பிறகு அவனீந்திரநாத் தாகூரைத் தம்மோடு சேர்த்துக்கொண்ட வரலாறு நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நம் பொருளுக்கு நெருக்கமான வேறொரு பெயரும் அக்கல்லூரியின் வரலாற்றில் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

அவர் ஜைனுல் ஆபெதீன். 1914-ல் மைமன்சிங் மாவட்டத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். அதே பழைய பிரம்மபுத்திராவின் பிள்ளை. கல்கத்தாக் கலைப்பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானார். 1938-ல் அனைத்திந்தியக் கண்காட்சி ஒன்றில் கவர்னரின் பொற்பதக்கம் பெற்றார். பதக்கம் பெற்றுத் தந்தவை பிரம்மபுத்திராவைத் தீட்டிய நீர்வண்ணப் படங்கள். 1943-ல் வங்கப் பஞ்சம் வந்தபோது ஆற்றை விட்டு, கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அந்தக் கோட்டுப் படங்கள்தாம் அவருக்கு அழியாப் புகழ் தந்தன. 1947-ல் அவர் டாக்காவுக்குச் சென்றார். மறு ஆண்டே அங்கு ஒரு கலைக்கல்லூரியை நிறுவினார். ஆக, ஒரே ஆற்றங்கரையில் பிறந்த இருவரில் ஒருவர் கல்கத்தாவை விட்டுக் கிழக்கே போனார். மற்றவர் கிழக்கை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். ஹாலோய் மாணவராக நுழைந்தபோது, ஜைனுல் அமர்ந்த ஆசிரியர் இருக்கையில் வேறொருவர் இருந்தார்.

1970 நவம்பர் 12-ம் தேதி இரவு, மேக்னா ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் பெரும் புயல் வீசியது. மாண்டவர்கள் மூன்று இலட்சத்துக்குக் குறையாது. ஐந்து இலட்சம் வரையும் சொல்கிறார்கள். மன்புரா என்னும் தீவு ஏறத்தாழ வெறுமையாயிற்று. ஜைனுல் ஆபெதீன் அங்கே சென்று பார்த்தார். பிறகு ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள சுருளொன்றில், கரையொதுங்கிய மனித உடல்களையும் கால்நடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தார். சுருளின் ஓரத்தில் பிழைத்தவன் ஒருவன் முகம் கவிழ்ந்து அமர்ந்திருக்கிறான். கடற்கரையை வரைந்த நம் காலத்துப் படங்களுள் இதைவிடக் கொடியதை நாம் அறியோம். இதனை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. அதே நீர்நாட்டின் துயரைச் சொல்ல மற்றொரு வழியும் இருக்கிறது. ஹாலோய் தேர்ந்த வழி அதுவே.

கல்லூரியை விட்டு வெளிவந்த மறு ஆண்டே, 1957-ல், தொல்பொருள் ஆய்வுத் துறை அவரை அஜந்தாவுக்கு அனுப்பியது. வேலை, குகைச் சுவரோவியங்களைப் படியெடுப்பது. நீரில் பிறந்து வளர்ந்த இளைஞர் தக்காணத்துக் கருங்கல் மலைக்குள் போய்ச் சேர்ந்தார். 1963 வரை அங்கே பணி செய்தார்.

அஜந்தாவைப் படியெடுத்தவர்களின் கதையே தனித்துச் சொல்லத் தக்கது. மேஜர் ராபர்ட் கில் 1844 முதல் ஆண்டுக்கணக்கில் உழைத்து வரைந்த படிகளில் பெரும்பாலானவை 1866-ல் இலண்டன் படிக மாளிகையில் தீக்கிரையாயின. பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிபித்ஸ் 1872 முதல் மாணவர்களைக் கொண்டு மீண்டும் படியெடுத்தார். அவற்றிலும் பல 1885-ல் தென் கென்சிங்டனில் எரிந்தன. பின்னர் ஹெரிங்ஹாம் அம்மையாருடன் நந்தலால் போஸ் முதலிய இளைஞர்கள் சென்றனர். சுவரில் அழிவதைத் தாளில் காக்க முயன்றால் தாளும் அழிகிறது. மீண்டும் ஒருவர் தூரிகையோடு குகைக்குள் போகிறார். அந்த வரிசையில் பிந்தி வந்தவர்களுள் ஒருவர் ஹாலோய்.

படியெடுப்பது எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். பாறையின்மேல் உமியும் நார்ப்பொருளும் கலந்த மண்ணைப் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணத்தைத் தடவி, உலர்ந்த பின் தீட்டப்பட்ட ஓவியங்கள் அவை. காவிக்கல்லின் சிவப்பு, மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குக்கரி, சுண்ணாம்பு, ஆப்கானிஸ்தானத்து மலையிலிருந்து வந்த நீலக்கல் என வண்ணங்கள் சிலவே. குகையின் உட்புறத்தில் வெளிச்சம் குறைவு. கலைஞன் தன் கற்பனையை வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி காட்டுவதே ஆவணப் படியின் இலக்கணம். போதிசத்துவரின் தோளை எவ்வளவு பொறுமையோடு வரைய வேண்டுமோ, அவ்வளவு பொறுமையோடு பக்கத்தில் காரை உதிர்ந்து வெறுமையாய்க் கிடக்கும் இடத்தின் ஓரத்தையும் வரைய வேண்டும். இல்லாமற் போனதற்கும் ஒரு வடிவம் உண்டு என்பதை ஆறாண்டுக் காலம் கையால் கற்றவர், பிற்காலத்தில் தம் படங்களில் வெற்றிடத்தை அத்தனை துணிவோடு விட்டுவைத்தது வியப்பில்லை. இது நம் ஊகமே. ஆயினும் அஜந்தாவின் பச்சையையும் காவியையும் பார்த்துவிட்டு அவருடைய தாள்களைப் பார்ப்பவர்கள் இந்த ஊகத்தை எளிதில் தள்ளிவிடமாட்டார்கள்.

1963-ல் கல்கத்தா திரும்பித் தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1993 வரை 30 ஆண்டுகள் அங்கே கற்பித்தார். தற்கால ஓவியர் சங்கத்தில் 1971-ல் உறுப்பினரானார். உத்தியோக வரலாறு இவ்வளவே. அதில் ஆரவாரம் ஏதுமில்லை.

ஆனால் அவர் திரும்பி வந்த அதே சமயத்தில் கல்கத்தாவின் கிழக்கே நடந்துகொண்டிருந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்நகரம் கிழக்குப் புறத்தில் உவர்நீர்ச் சதுப்பின்மேல் சாய்ந்து நிற்பது. 1962-ல் தொடங்கி, ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து அள்ளிய வண்டலை நீரோடு கலந்து குழாய்கள் வழியே கொண்டுவந்து கொட்டி, உப்பேரியின் ஒரு பெரும் பகுதியைத் தூர்த்தார்கள். இன்றைய பிதான்நகர் அவ்வாறு எழுந்தது. எஞ்சிய சதுப்பில் 'பேரி' என்னும் மீன்குளங்கள் நகரத்தின் கழிவுநீரை வாங்கி, வெயிலாலும் பாசியாலும் தெளியவைத்து, மீனாகவும் காய்கறியாகவும் நகரத்துக்கே திருப்பித் தருகின்றன. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலம் 2002-ல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கல்கத்தாவில் வாழும் நம்மவர்கள் கிழக்குப் புறவழிச்சாலையில் பேருந்தில் போகும்போது, கட்டடங்களுக்கு இடையே திடீரென்று ஒரு நீர்ப்பரப்பும் அதன் நடுவே மூங்கில் கழிகளும் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு நொடிக் காட்சி ஹாலோயின் படத்துக்கு நல்ல முன்னுரை.

இனிப் படங்களுக்கு வருவோம். பெரும்பாலானவை சிறிய தாள்கள். 'குவாஷ்' எனப்படும் கோந்து சேர்ந்த, அடர்ந்த நீர்வண்ணம். தாள் முழுவதும் ஒரு பசுமை பரவியிருக்கும். அல்லது வைக்கோலின் மஞ்சள், நனைந்த மண்ணின் பழுப்பு. அதன்மேல் ஒரு மெல்லிய கோடு; சிறு கட்டங்கள்; புள்ளி வரிசை; ஏணிபோன்ற குறுக்குக் கீற்றுகள்; ஒரு மூலையில் ஒரு முக்கோணம். முதற்பார்வைக்கு இவ்வளவுதான். கண்காட்சிக்கு வருவோர் சிலர் "அருவ ஓவியம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். சற்று நின்றால் கட்டங்கள் பாத்திகளாகின்றன. புள்ளிகள் நாற்றாகின்றன. ஏணி, கால்வாயின்மேல் போட்ட மூங்கில் பாலமாகிறது. முக்கோணம் ஒரு பாயாகவோ கூரையாகவோ தோன்றுகிறது. மறுகணம் அவை மீண்டும் வெறும் கோடும் புள்ளியுமாக அடங்கிவிடுகின்றன, வெள்ளம் வந்து வரப்பை மூடுவதைப்போல.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வயலை மேலிருந்து பறவைபோல் பார்க்கிறோம். அதே படத்தில் நாணலைக் கரையில் நின்று பக்கவாட்டில் பார்க்கிறோம். கண்ணால் ஒரே சமயத்தில் இவ்விரண்டையும் காண இயலாது. நினைவில் இயலும். ஊரை நினைத்துப் பார்க்கும்போது நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்? தெருவின் அமைப்பு மேலிருந்து தெரிகிறது. வீட்டுத் திண்ணை எதிரே நின்று தெரிகிறது.

மனிதர்கள் அப்படங்களில் அரிதினும் அரிது. அகதியின் மூட்டையோ, எரியும் கூரையோ, கண்ணீரோ கிடையாது. இது குறையென்று சொல்பவர்கள் உண்டு. பிரிவினையின் கொடுமையை அனுபவித்தவர் அதனை ஏன் வரையவில்லை என்று கேட்கிறார்கள். ஜைனுலின் சுருளை அருகில் வைத்து நோக்கும்போது அக்கேள்வி நமக்கும் எழாமல் இல்லை. ஆனால் நிலத்தையும் உள்ளத்து ஒழுக்கத்தையும் ஒருசேரத் 'திணை' என்று அழைத்த மொழியில் பிறந்தவர்கள் நாம். நெய்தல் என்றால் கழியும் தாழையும் மட்டுமா? இரங்கலும் அதனுள் அடங்கியதன்றோ? மருதத்துக்கும் நெய்தலுக்கும் நடுவே பெயரின்றிக் கிடக்கும் ஓர் ஈரநிலத்தை இவர் வரைகிறார். தலைவியும் தோழியும் அங்கே பேசவில்லை. நிலம் மட்டும் இருக்கிறது. துயரத்தை உணர நமக்கு அது போதுமானதாக இருக்கிறது.

எல்லாப் படங்களும் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டோம். சிலவற்றில் அழகு மிகுந்து, பட்டுப்புடைவையின் கரைபோல் கண்ணை மட்டும் மகிழ்வித்து நின்றுவிடுகின்றன. பச்சை சற்றே மங்கி, தாளின் பாதி வெறுமையாய்க் கிடந்து, ஒரு கோடு எங்கோ தொடங்கி நடுவில் நின்றுபோகும் படங்களே நம்மை நெடுநேரம் நிறுத்துபவை.

உலகம் அவரைத் தாமதமாகவே அறிந்தது. 2014-ல் பெர்லின் பியென்னாலே கண்காட்சியிலும், 2017-ல் ஏதென்ஸ், காஸல் ஆகிய இரு நகரங்களில் நடந்த பதினான்காவது 'டாகுமெண்டா' கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மத்தியதரைக்கடலைக் கடந்து வந்த அகதிகளின் நிலைமை ஐரோப்பாவில் பெரும் பேச்சாக இருந்த காலம் அது. அத்தகைய நகரங்களின் சுவர்களில், வங்கத்துச் சதுப்பின் பசுமை தாங்கிய சிறு தாள்கள் சத்தமின்றித் தொங்கின.

அவருடைய படங்களில் மிகப் பலவற்றுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. கண்காட்சியின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'தலைப்பில்லாதது' என்றே வரிக்கு வரி அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழே, தாளில் குவாஷ் என்றும் தீட்டிய ஆண்டும் இருக்கும். ஊரின் பெயர் இராது.